டெஸ்ட் பெஞ்ச்ல ஸ்கிப்பி: லிஸ்ட்டை விடுங்க, இலக்கணத்தைப் புடிங்க

எங்க கஞ்சிக்கோடு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் யூனிட்டுக்கு டெஸ்டிங் வேலைக்குப் புதுசா வர்ற பசங்க, அது கொழிஞ்சாம்பாறைப் பையனா இருந்தாலும் சரி, க.க.சாவடில இருந்து பஸ் ஏறி வாளையாறு தாண்டி வர்ற பொண்ணா இருந்தாலும் சரி, வந்த வாரமே கேக்கறது ஒண்ணுதாங்க. "அண்ணா, இந்த மீட்டருக்கு கமாண்டு லிஸ்ட் இருக்குங்களா, இருந்தா வாட்ஸப்புல போட்டு விடுங்க." லிஸ்ட் இருக்கு, அனுப்பியும் விடுவேன், ஆனா அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் உக்கார வெச்சு சொல்ற விஷயத்தைத்தான் இங்க எழுதறேன். ஏன்னா லிஸ்ட்டை வெச்சு வேலை பாக்கறவங்க, மீட்டர் மாறுன அன்னைக்கு கை கட்டி நின்னுடறாங்க. ஸ்கிப்பிங்கற, கம்ப்யூட்டர்ல இருந்து அளவுக்கருவிகளை ஓட்டற கட்டளை மொழியோட இலக்கணம் தெரிஞ்சவங்க மேனுவலைத் திறந்து மத்தியானத்துக்குள்ள புது மீட்டரை ஓட்டிடறாங்க. இதை நான் திரும்பத் திரும்பப் பாத்துட்டேன்.

நம்ம ஊருக்கும் அளவுக்கருவிக்கும் பழைய தொடர்பு இருக்கு, அதையும் சொல்லிடறேன். டிவி கம்பெனின்னு எல்லாருக்கும் தெரிஞ்ச பிபிஎல் 1963-ல பாலக்காட்டுலதான் ஆரம்பிச்சது, அவங்க முதல்ல பண்ணுனது டிவி இல்ல, பேனல் மீட்டரு. கஞ்சிக்கோட்டுல ஐடிஐ (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) இருக்கு, இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட் இருக்கு, இப்போ ஐஐடியும் வந்துடுச்சு. அதனால இந்தப் பக்கம் சின்ன யூனிட்டுக்குள்ள போனாலும் மேசை மேல முப்பது வருஷப் பழசு மல்டிமீட்டரும், போன வருஷம் வாங்குன சைனா பவர் சப்ளையும், எங்கியோ ஏலத்துல எடுத்த எலக்ட்ரானிக் லோடும் (சொன்ன அளவு கரண்ட்டை இழுத்துக் காட்டற கருவி) ஒண்ணா உக்காந்திருக்கும். மூணும் மூணு பிராண்டு. மூணையும் ஒரே கம்ப்யூட்டர்ல இருந்து ஓட்டணும், பேட்டரி சார்ஜர் போர்டை வரிசையா டெஸ்ட் பண்ணணும், ரிசல்ட்டை எக்செல்ல தள்ளணும். இதை நடக்க வைக்கிறதுதான் ஸ்கிப்பி. எஸ் சி பி ஐன்னு நாலு எழுத்து, ஆனா எல்லாரும் ஸ்கிப்பின்னுதான் சொல்லுவோம். (கமாண்டை எல்லாம் இங்க உச்சரிப்புப்படி தமிழ்லயே எழுதறேன், மெஷினுக்கு அடிக்கறப்ப இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுக்கோங்க.)

இது வர்றதுக்கு முன்னாடி இருந்த நிலைமையைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டாத்தான் இதோட அருமை புரியும். 1960-கள் கடைசில எச்பி கம்பெனி தன்னோட கருவிகளை கம்ப்யூட்டரோட சேக்க ஒரு பஸ், அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான கம்பி இணைப்பு, உருவாக்குனாங்க, எச்பி-ஐபின்னு பேரு, அது 1975-ல ஐஇஇஇ 488ன்னு ஸ்டாண்டர்டு ஆச்சு. ஜிபிஐபின்னு நாம சொல்றது அதுதான். 24 பின் கனெக்டர், 16 சிக்னல் லைன், ஒரு பஸ்ல 15 கருவி வரைக்கும், மொத்த கேபிள் 20 மீட்டர். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி மாட்டற அந்த தடி கேபிளைப் பாத்தவங்களுக்கு மறக்காது. ஆனா அந்த ஸ்டாண்டர்டு சொன்னது கம்பி எப்படி, சிக்னல் எப்படிங்கறது மட்டும்தான், கம்பில என்ன வார்த்தை போகணும்னு அது சொல்லவே இல்ல. அதனால ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தனி பாஷை. எச்பி 3478ஏ மீட்டருக்கு டிசி வோல்ட் வேணும்னா எஃப்1, ஏசின்னா எஃப்2, ரெசிஸ்டன்ஸ்னா எஃப்3. இதைப் படிச்சா யாருக்கு என்ன புரியும், சொல்லுங்க. பக்கத்து கம்பெனி மீட்டர்ல அதே எஃப்1 வேற எதையோ பண்ணும், இல்ல ஒண்ணுமே பண்ணாது. மீட்டர் மாத்துனா ப்ரோக்ராமையே மாத்தி எழுதணும்.

1987-ல ஐஇஇஇ 488.2 வந்துச்சு. மெசேஜ் எந்த வடிவத்துல இருக்கணும், நம்பர் எப்படி வரணும், எல்லாக் கருவிக்கும் பொதுவா எந்த கமாண்டு இருந்தே ஆகணும்ங்கறதை அது சொல்லுச்சு. அதுக்கு மேல, எச்பி வெச்சிருந்த டிஎம்எஸ்எல்ங்கற மொழியை அடிப்படையா எடுத்துக்கிட்டு எச்பி, டெக்ட்ரானிக்ஸ் மாதிரி பெரிய கம்பெனிங்க ஒண்ணா உக்காந்து 1990-ல ஸ்கிப்பியைக் கொண்டாந்தாங்க. கடைசி பதிப்பு 1999. இப்போ ஐவிஐ ஃபவுண்டேஷன்ங்கற அமைப்பு அதைப் பாத்துக்குது. போட்டிக் கம்பெனிங்க ஒரே மேசைல உக்காந்து இப்படி ஒரு பொது இலக்கணத்துக்கு ஒத்துக்கிட்டது எனக்கு இன்னைக்கும் பெரிய விஷயமாத்தான் தெரியுது, அது நடக்கலேன்னா எங்க மாதிரி சின்ன யூனிட்டெல்லாம் ஒரே பிராண்டுக்குள்ள மாட்டிக்கிட்டு அவன் சொல்ற விலைக்கு வாங்கிட்டு இருந்திருப்போம்.

சரி, இலக்கணத்துக்கு வர்றேன். ஸ்கிப்பி கமாண்டு ஒரு மரம். மேல வேர், அதுல இருந்து கிளை, கிளைக்குள்ள கிளை, நடுவுல கோலன் போட்டுப் பிரிக்கறோம். மெஷர்:வோல்டேஜ்:டிசி? அப்படின்னா அளந்து சொல்லு, வோல்டேஜை, டிசியை. எஃப்1ஐயும் இதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, படிச்ச உடனே அர்த்தம் வருது.

கோலன் எல்லாருக்கும் சீக்கிரம் புரிஞ்சுடும், செமிகோலன்லதான் தடுக்கி விழுவாங்க. அதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் வீட்டு அட்ரஸ்தான். கேரளா:பாலக்காடு:சித்தூர்:கொழிஞ்சாம்பாறைன்னு எழுதிட்டு, செமிகோலன் போட்டு வெறும் வேலந்தாவளம்னு எழுதுனா, தபால்காரர் அதே சித்தூர் தாலுக்காவுக்குள்ளதான் வேலந்தாவளத்தைத் தேடுவார், அங்க இருக்கு, கிடைச்சுடும். ஆனா செமிகோலன் போட்டு பொள்ளாச்சின்னு எழுதுனா சித்தூர் தாலுக்காவுல பொள்ளாச்சி எங்க இருக்கு? அப்போ செமிகோலனுக்கு அப்புறம் இன்னொரு கோலன் போட்டு :தமிழ்நாடு:கோயம்புத்தூர்:பொள்ளாச்சின்னு மேல இருந்து ஆரம்பிக்கணும். முன்னாடி வர்ற அந்தக் கோலனுக்கு அர்த்தம், வேர்ல இருந்து தேடுங்கறது. இப்போ பவர் சப்ளைக்கு வாங்க. சோர்ஸ்:வோல்டேஜ் 12;கரண்ட் 2 அப்படின்னு அனுப்புனா கரண்ட்டை சோர்ஸுக்குக் கீழ தேடும், சரியா நடக்கும். ஆனா சோர்ஸ்:வோல்டேஜ்:ப்ரொடெக்ஷன் 15;கரண்ட் 2 அப்படின்னு அனுப்புனீங்கன்னா கரண்ட்டை சோர்ஸ்:வோல்டேஜுக்குக் கீழ போய்த் தேடும், அங்க அப்படி ஒண்ணு இல்ல, எரர். கரண்ட் லிமிட் செட் ஆகவே இல்ல, போர்டுக்கு பழைய லிமிட்டுலயே சப்ளை போகும். அதனால எங்க யூனிட்டுல ஒரு லைனுக்கு ஒரு கமாண்டுதான், செமிகோலன் போட்டு சேக்கறதா இருந்தா ரெண்டாவதுக்கு முன்னாடி கண்டிப்பா கோலன் போடணும்னு வெச்சிருக்கோம். ஸ்டார்ல ஆரம்பிக்கற பொது கமாண்டுங்க மட்டும் இந்தக் கணக்குல வராது, அதுங்க எங்க வந்தாலும் இருக்கற கிளை மாறாது.

அடுத்தது சுருக்கம். மேனுவல்ல வார்த்தையோட பாதி பெரிய எழுத்துலயும் மீதி சின்ன எழுத்துலயும் இருக்கும், பாத்திருப்பீங்க. பெரிய எழுத்து மட்டும் அடிச்சாலும் போதும், முழுசா அடிச்சாலும் போதும்ங்கறதுக்குத்தான் அப்படிப் போட்டிருக்கான், மத்தபடி நீங்க பெருசா அடிச்சாலும் சிறுசா அடிச்சாலும் மெஷினுக்கு ஒண்ணுதான். சுருக்கற விதியும் ரொம்ப எளிசு: வார்த்தை நாலு எழுத்துக்கு மேல இருந்தா முதல் நாலு எழுத்து, அந்த நாலாவது எழுத்து இங்கிலீஷ் உயிரெழுத்தா இருந்தா மூணு எழுத்தோட நிறுத்திக்கணும். மெஷருக்கு எம் ஈ ஏ எஸ். பவருக்கு நாலாவது எழுத்து ஈங்கறதால பி ஓ டபிள்யூவோட நின்னுடும். இதுல முக்கியமா ஒண்ணு, சுருக்கம் இல்லேன்னா முழுசு, ரெண்டுல ஒண்ணுதான், நடுவுல அஞ்சு எழுத்துல நிறுத்துனா ஏத்துக்காது. அப்புறம் மேனுவல்ல சதுர அடைப்புக்குள்ள இருக்கறது இருந்தாலும் சரி இல்லாட்டியும் சரின்னு அர்த்தம், அந்த அடைப்பையும் சேத்து டைப் பண்றவங்க வருஷத்துக்கு ஒருத்தராவது வர்றாங்க. வோல்டேஜ் 12 அப்படின்னாலும் சோர்ஸ்:வோல்டேஜ் 12 அப்படின்னாலும் பவர் சப்ளைக்கு ஒண்ணுதான்ங்கறது அதனாலதான்.

கேள்விக்குறி போட்டா கேள்வி, போடலேன்னா கட்டளை. வோல்டேஜ் 12ன்னா வெய்யி, வோல்டேஜ்?ன்னா எவ்வளவு வெச்சிருக்கேன்னு சொல்லு. வோல்டேஜ்? மேக்ஸ்னு கேட்டா உன்னால அதிகபட்சம் எவ்வளவு முடியும்னு சொல்லும், புது சப்ளை வந்தா நான் இதைத்தான் கேட்டுப் பாப்பேன். இங்க ஒரு விஷயம் கவனமா பாருங்க, பவர் சப்ளைகிட்ட வோல்டேஜ்?னு கேட்டா வர்றது நீங்க செட் பண்ணுன நம்பரு, நிஜமா டெர்மினல்ல இருக்கற வோல்டேஜ் வேணும்னா மெஷர்:வோல்டேஜ்?னு கேக்கணும். ஷார்ட் ஆன போர்டுல செட் வேல்யூ 12ன்னு அழகா காட்டும், நிஜத்துல அரை வோல்ட் கூட இருக்காது. கேட்டா பதிலை எடுத்துடணும், எடுக்காம அடுத்த கமாண்டை அனுப்புனா -410ன்னு எரர் நம்பர் விழும். கேக்காமலே பதில் எடுக்கப் போனா -420. கம்ப்யூட்டர்ல டைம்அவுட்னு மட்டும் வரும், கேபிள் போச்சுன்னு கேபிளை மாத்திட்டு இருப்பாங்க, பாத்தா ஒரு கேள்விக்குறி விட்டுப் போயிருக்கும்.

இப்போ ஸ்டார் கமாண்டு. 488.2 படி 13 கமாண்டு எந்தக் கருவிலயும் இருந்தே ஆகணும். *ஐடிஎன்? அப்படின்னு கேட்டா கம்பெனி, மாடல், சீரியல் நம்பர், ஃபர்ம்வேர் (கருவிக்குள்ள ஓடற சாஃப்ட்வேரோட பதிப்பு)னு நாலு விஷயத்தை கமா போட்டுத் திருப்பிச் சொல்லும். இதை நாங்க வெறும் வணக்கத்துக்குன்னு வெக்கல, டெஸ்ட் ரிப்போர்ட்டுல சீரியல் நம்பரை இதுல இருந்துதான் எடுக்கறோம், ஏன்னா கேலிப்ரேஷன் முடிஞ்ச மீட்டர்லதான் அளந்தோம்னு ஆடிட்ல காட்டணும், கைல எழுதுன நம்பரை யாரு நம்புவா. *ஆர்எஸ்டி போட்டா கருவி தெரிஞ்ச நிலைமைக்கு வந்துடும், *சிஎல்எஸ் போட்டா எரர் வரிசை காலி ஆகும். ரெண்டும் வேற வேற, ரீசெட் பண்ணுனா பழைய எரரும் போயிடும்னு நினைக்காதீங்க, போகாது. ரெண்டையும் போட்டுட்டுத்தான் எந்த டெஸ்ட்டையும் ஆரம்பிக்கணும்.

எல்லாத்துக்கும் மேல நான் அழுத்திச் சொல்றது சிஸ்டம்:எரர்? கமாண்டுதாங்க. கருவி உங்களைப் பாத்து கத்தாது. தப்பான கமாண்டு அனுப்புனா ஒரு பீப் வரலாம், இல்ல டிஸ்ப்ளேல ஓரமா எரர்னு ஒரு சின்ன எழுத்து வரும், ப்ரோக்ராம் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். 30 வோல்ட் சப்ளைகிட்ட வோல்டேஜ் 50ன்னு சொன்னா அது 30க்கும் போகாது 50க்கும் போகாது, முன்னாடி எங்க இருந்துச்சோ அங்கயே நின்னுக்கிட்டு -222, டேட்டா அவுட் ஆஃப் ரேஞ்ச்னு வரிசைல எழுதி வெச்சுட்டு சும்மா இருக்கும். நீங்க கேட்டாத்தான் சொல்லும். -100ல இருக்கறது எழுத்துப் பிழை மாதிரி, கமாண்டே புரியல, அதுல -113தான் அடிக்கடி வரும், அன்டிஃபைண்ட் ஹெடர். -200ல இருக்கறது கமாண்டு புரிஞ்சுது ஆனா செய்ய முடியல. -300 கருவியோட சொந்தப் பிரச்சினை. -400 கேள்வி பதில் குழப்பம். நம்பரோட முதல் இலக்கத்தைப் பாத்தாலே பாதி டவுட் தீந்துடும். எரர் வரிசைல முதல்ல வந்தது முதல்ல வெளிய வரும், அதனால 0, நோ எரர்னு வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பக் கேக்கணும், ஒரு தடவை கேட்டுட்டு நிறுத்துனா பழைய எரரை இன்னைக்கு எரர்னு நினைச்சு தேடிட்டு இருப்பீங்க. செட்டிங் அனுப்பற ஒவ்வொரு இடத்துலயும் பின்னாடியே எரர் கேக்கற மாதிரி ஒரு ஃபங்ஷன் எழுதி வெச்சுட்டா வாழ்நாள் பூரா நிம்மதி. ஸ்பீடு குறையுமேன்னு சொல்லுவாங்க, குறையட்டும், ஒரு லாட் போர்டு தப்பா பாஸ் ஆகி கஸ்டமர்கிட்ட போறதை விட கொஞ்சம் லேட் ஆனா தேவலாம்.

இதோட சேந்த இன்னொண்ணு, பெரும்பாலும் யாரும் சொல்லித் தராதது. துலா மாசம் சாயங்காலம் இடி மழை எப்படி இருக்கும்னு பாலக்காட்டுல இருக்கறவங்களுக்குத் தெரியும், கரண்ட் ஒரு செகண்டு போய்ட்டு வரும். கம்ப்யூட்டர் யூபிஎஸ்ல இருக்கு, அதனால ப்ரோக்ராம் நிக்காது. பவர் சப்ளை யூபிஎஸ்ல இல்ல, ஆஃப் ஆகி ஆன் ஆகியிருக்கும், அவுட்புட் ஆஃப், செட்டிங் எல்லாம் ஆரம்ப நிலை. பின்னாடி பத்து போர்டு ஃபெயில்னு வரும், போர்டு மேல ஒரு குத்தமும் இருக்காது. இதைக் கண்டுபுடிக்க 488.2 காரங்க அப்பவே வழி வெச்சிருக்காங்க, *இஎஸ்ஆர்? அப்படின்னு கேட்டா ஒரு நம்பர் வரும், அது பல அடையாளத்தோட கூட்டுத்தொகை, அதுல 128ங்கற பிட் சேந்திருந்தா கடைசியா கேட்டதுக்கு அப்புறம் கருவி ஒரு தடவை பவர் ஆன் ஆகியிருக்குன்னு அர்த்தம். 32 இருந்தா கமாண்டு எரர், 16 எக்ஸிகியூஷன் எரர். படிச்ச உடனே அந்த ரிஜிஸ்டர் தானா கிளியர் ஆயிடும். ஒவ்வொரு போர்டுக்கும் முன்னாடி இதை ஒரு தடவை கேட்டுட்டு, 128 வந்தா செட்டிங்கை முதல்ல இருந்து அனுப்பற மாதிரி வெச்சிருக்கோம், மழைக்காலத்துல இந்த ஒரு வரி எங்களுக்குப் பண்ணுன உபகாரம் கொஞ்சநஞ்சம் இல்ல.

அளக்கற கமாண்டுல மெஷர்னு ஒரு வகை, கான்ஃபிகர் பண்ணி ரீட் பண்றது இன்னொரு வகை. மெஷர் சுலபம், ஒரே வரில வேலை முடிஞ்சுடும், ஆனா அது ஒவ்வொரு தடவையும் மீட்டரோட செட்டிங்கை டீஃபால்ட்டுக்குக் கொண்டு போயிட்டுத்தான் அளக்கும். நீங்க கஷ்டப்பட்டு என்பிஎல்சி மாத்தி வெச்சிருப்பீங்க, அடுத்த வரில மெஷர் போட்டா அது போச்சு. என்பிஎல்சின்னா எத்தனை மெயின்ஸ் (லைன் கரண்ட்) சைக்கிளுக்கு ஒரு ரீடிங்கை சேத்து எடுக்கணும்ங்கற கணக்கு. நம்ம ஊர்ல 50 ஹெர்ட்ஸ், ஒரு சைக்கிள் 20 மில்லிசெகண்டு, 10 வெச்சா 200 மில்லிசெகண்டு. முழு சைக்கிளா எடுக்கறப்ப மெயின்ஸ் ஹம் தானா அடிபட்டுப் போயிடும். சார்ஜர் போர்டுல ரிப்பிள் (டிசி மேல ஏறி வர்ற சின்ன அலை) பக்கத்துல டிசி அளக்கறப்ப இதை விட்டா கடைசி டிஜிட்டெல்லாம் ஆடும். அதனால ஒரு தடவை கான்ஃபிகர், அப்புறம் என்பிஎல்சி, அப்புறம் ஒவ்வொரு போர்டுக்கும் ரீட்? மட்டும். எங்க பெஞ்ச்ல இருக்கற 34401ஏ மல்டிமீட்டர்ல இப்படித்தான் ஓடுது, ஆறரை டிஜிட், பெஞ்ச்ல இருக்கறதுலயே பழசு அதுதான், நம்பிக்கையானதும் அதுதான். அதுல சீரியல் போர்ட் வழியா பேசறதா இருந்தா முதல்ல சிஸ்டம்:ரிமோட்னு அனுப்பணும், இல்லேன்னா சரியா பேசாது.

*ஓபிசி? பத்தியும் சொல்லணும். கொடுத்த வேலையெல்லாம் முடிஞ்சதும் 1ன்னு பதில் சொல்லும், அது வரைக்கும் காத்திருக்கலாம். சும்மா ஸ்லீப் 2 செகண்டுன்னு போடறதுக்கு இது எவ்வளவோ மேல். ஆனா இதையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பக்கூடாது, கருவிக்கு அதோட வேலை முடிஞ்சுதாங்கறது மட்டும்தான் தெரியும், உங்க போர்டுல இருக்கற பெரிய கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகி முடிஞ்சுதாங்கறது அதுக்கு எப்படித் தெரியும். அந்த நேரத்தை நீங்கதான் ஸ்கோப்புல (வோல்டேஜ் மாறறதை படமா காட்டற கருவி) பாத்து அளந்து சேக்கணும்.

நம்பர் விஷயத்துல ரெண்டே ரெண்டு. மீட்டர் ரேஞ்சுக்கு மேல போச்சுன்னா ஓவர்லோடுன்னு எழுத்துல வராது, 9.9 இன்டு 10 பவர் 37ன்னு ஒரு பெரிய நம்பர் வரும், ஸ்கிப்பில அதுதான் இன்ஃபினிட்டி. இதைத் தெரியாம யாரோ எழுதிட்டுப் போன பழைய ஸ்கிரிப்ட் அதையும் சேத்து ஆவரேஜ் போட்டு வெச்சிருந்துச்சு, க்யூசி பாக்கற சேச்சி ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு வந்து "இது எந்த வோல்டேஜா?"ன்னு நின்னாங்க, ஒரு போர்டுல ப்ரோப் சரியா படாததுக்கு மொத்த லாட்டோட ஆவரேஜும் போயிடுச்சு. ரெண்டாவது, யூனிட் சேத்து அனுப்பறப்ப எம் எழுத்து. பெருசு சிறுசு வித்தியாசம் கிடையாதுல்ல, அதனால எம்னா மில்லி, எம்ஏன்னா மெகான்னு வெச்சிருக்காங்க, ஆனா ஹெர்ட்ஸுக்கும் ஓமுக்கும் மட்டும் எம்னாலே மெகா. ஃபங்ஷன் ஜெனரேட்டர்ல மில்லிஹெர்ட்ஸ் எழுதப் போய் மெகாஹெர்ட்ஸ் வந்து நிக்கும். யூனிட்டே வேண்டாம், 0.005ன்னு அடிப்படை யூனிட்டுலயே அனுப்பிடுங்க.

இவ்வளவு சொல்லிட்டு, இதால முடியாததையும் சொல்லணும். ஸ்கிப்பின்னு அட்டைல போட்டிருந்தா ஒரு பிராண்டு ஸ்கிரிப்ட் இன்னொண்ணுல அப்படியே ஓடும்னு விக்கறவங்க சொல்லுவாங்க. ஓடாது. இலக்கணம் ஒண்ணு, வார்த்தைங்க கம்பெனிக்கு கம்பெனி கொஞ்சம் மாறும். ரெண்டு மூணு சேனல் இருக்கற பவர் சப்ளையையே எடுத்துக்கோங்க, ஒருத்தன் முதல்ல இன்ஸ்ட்ருமென்ட்:செலக்ட் போட்டு சேனலைத் தேர்ந்தெடுக்கச் சொல்றான், ஒருத்தன் சோர்ஸ்1, சோர்ஸ்2ன்னு வார்த்தையோட நம்பரை ஒட்டறான், ஒருத்தன் கடைசில அடைப்புக்குள்ள @ போட்டு சேனல் நம்பர் கேக்கறான், இன்னொருத்தன் கமாண்டையே சேனல் பேர்ல ஆரம்பிக்கறான். லிஸ்ட்டை மனப்பாடம் பண்ணுனவங்க இங்கதான் மாட்டறாங்க. மரத்தைப் படிக்கத் தெரிஞ்சவங்க மேனுவல்ல அந்தக் கிளை எங்க இருக்குன்னு பாத்துட்டு ஒரு வரி மாத்திட்டுப் போயிட்டே இருப்பாங்க. ஸ்கிப்பியே பேசாத நல்ல கருவியும் இருக்கு, எச்பி 3458ஏ எட்டரை டிஜிட் மீட்டர் 1989ல வந்தது, கேலிப்ரேஷன் லேப்ல இன்னைக்கும் அதுக்கு மரியாதை, அதுகிட்ட ஸ்டார் போட்டுக் கேட்டா பதில் வராது, ஐடி?ன்னு கேக்கணும்.

இணைக்கறதைப் பத்தி ரொம்ப இழுக்க வேண்டாம். ஜிபிஐபி, சீரியல், யூஎஸ்பி, லேன் எதுல போனாலும் உள்ள போறது அதே எழுத்துதான், இதுவும் ஸ்கிப்பியோட பெரிய பலம். லேன் இருந்தா லேனே போதும், நிறைய கருவில 5025 போர்ட்டைத் திறந்து நேரா எழுத்தை அனுப்பலாம், கடைசில நியூலைன், அதாவது வரி முடிஞ்சதுங்கற குறி, மட்டும் மறக்காதீங்க, அது இல்லேன்னா வாக்கியம் முடியலன்னு கருவி காத்துட்டே இருக்கும். சீரியல்னா பாட் ரேட்டும் (அனுப்பற வேகம்) பேரிட்டியும் (பிழை பாக்கற பிட்) ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். ஸ்கோப்புல இருந்து வேவ்ஃபார்ம் எடுக்கறப்ப மட்டும் பதில் சாதா எழுத்தா வராது, முதல்ல # வரும், அடுத்த ஒரு இலக்கம் நீளத்தைச் சொல்ல எத்தனை இலக்கம்னு சொல்லும், அப்புறம் அந்த நீளம், அப்புறம்தான் டேட்டா. #41200ன்னு வந்தா நாலு இலக்க நீளம், 1200 பைட். அந்த டேட்டாவுக்கு நடுவுல நியூலைனோட மதிப்பு தற்செயலா வரலாம், அதைப் பாத்து முடிஞ்சுதுன்னு நிறுத்திடாம, நீளத்தை எண்ணித்தான் படிக்கணும்.

பைதான்ல எழுதறதா இருந்தா கருவிகிட்ட பேசறதுக்கு பைவிசான்னு ஒரு லைப்ரரி இருக்கு, கேக்கறதும் பதில் எடுக்கறதும் ஒரே ஃபங்ஷன்ல வந்துடும், டைம்அவுட் மட்டும் உங்க என்பிஎல்சிக்குத் தகுந்த மாதிரி ஏத்தி வெச்சுக்கோங்க. எங்க சார்ஜர் பெஞ்ச்ல வரிசை இப்படிப் போகுது: எல்லாத்துகிட்டயும் *ஐடிஎன்? கேட்டு சீரியல் நம்பரைப் பதிவு பண்ணிட்டு, ரீசெட், கிளியர், சப்ளைக்கு முதல்ல கரண்ட் லிமிட் அப்புறம் ஓவர்வோல்டேஜ் ப்ரொடெக்ஷன் அப்புறம்தான் வோல்டேஜ், எரர் கேட்டு 0 வந்தா மட்டும் அவுட்புட் ஆன், கெப்பாசிட்டர் நேரம் விட்டு ரீட்?, அப்புறம் லோடு ஆன் பண்ணி மறுபடி ரீட்?. ஸ்கிரிப்ட் நடுவுல எங்க விழுந்தாலும், டைம்அவுட் ஆனாலும், யாராவது கன்ட்ரோல் சி அடிச்சாலும், கடைசில லோடு ஆஃப், அவுட்புட் ஆஃப் ரெண்டும் போயே தீரணும், அதுக்கு ஃபைனலின்னு ஒரு பிளாக் இருக்கு, அதுக்குள்ள எழுதுங்க. போன மாசம் சேந்த தம்பி இந்த வரிசையை புதுசா வந்த வேற பிராண்டு சப்ளைக்கு மாத்துனப்ப அவனுக்கு மாத்த வேண்டியிருந்தது சேனல் சொல்ற வரிங்க மட்டும்தான், மீதி எதையும் தொடல.